சீருடைக்குப் பின் ஒரு பணி

தொண்டிக் கடற்கரையில் விடியும் முன்பே இரு கூட்டத்தாரைக் காணலாம். ஒருபுறம் வள்ளத்தில் வலை ஏற்றும் மீனவர்கள். மறுபுறம் ராணுவ ஆள்சேர்ப்பின் 1.6 கிலோமீட்டர் ஓட்டத்துக்காக மணலில் மூச்சு வாங்கும் இளைஞர்கள். 17 ஆண்டுகள் படையில் பணியாற்றி ஊர் திரும்பிய நான், அந்த இளைஞர்களுக்குப் பயிற்சி அளித்து வருகிறேன். வயது வரம்பு கடந்ததும் பலர் ஓட்டத்தையே கைவிட்டுவிடுகிறார்கள். வேலைக்கு உதவாத உடலால் என்ன பயன் என்பது அவர்களது கேள்வி. அந்தக் கேள்விக்குத் தம் வாழ்நாளையே பதிலாக்கிய ஒருவர் உண்டு. அவர் பிரெஞ்சுக் கடற்படை அதிகாரி ஜார்ஜ் எபேர்.

1875-இல் பாரிஸில் பிறந்த எபேர், இளம் வயதிலேயே கடற்படையில் சேர்ந்தார். பணிநிமித்தம் தொலைதூரக் கரைகளுக்குச் சென்ற அவரை அங்கிருந்த மக்களின் உடற்கட்டு வியக்க வைத்தது. அவர்கள் எந்தப் பயிற்சிக்கூடத்தையும் கண்டவர்கள் அல்லர். அன்றாட உழைப்பே அவர்களுக்கு ஆசானாக இருந்தது. கரைவலை இழுப்பவர்களின் தோள்களைப் பார்த்து வளர்ந்த நமக்கு இது புதிய செய்தியன்று.

1902 மே 8 அன்று கரீபியன் தீவான மார்த்தினிக்கில் பெலே எரிமலை வெடித்தது. செயின்ட் பியேர் நகரம் அழிந்தது. ஏறத்தாழ 28,000 பேர் மாண்டனர். மீட்புப் பணியில் ஈடுபட்ட எபேரின் மனத்தில் அன்று ஓர் எண்ணம் வேரூன்றியது. உடல்வலிமை மட்டும் போதாது. துணிவும் பிறருக்கு உதவும் மனமும் அதனுடன் இணைய வேண்டும். பிறருக்குப் பயன்படவே ஒருவர் வலிமை பெற வேண்டும் என்பதே அவரது கொள்கையாயிற்று.

நாடு திரும்பியவர், கடற்படை வீரர்களுக்குப் பயிற்சி அளிக்கும் பொறுப்பை ஏற்றார். அக்காலத்தில் உடற்பயிற்சி என்பது வரிசையில் நின்று ஆணைக்கேற்பக் கைகால் அசைப்பதாகவே பெரும்பாலும் இருந்தது. எபேர் அதை மாற்றினார். நடத்தல், ஓடுதல், தாவுதல், தவழ்தல், ஏறுதல், சமநிலை காத்தல், எறிதல், தூக்குதல், தற்காத்தல், நீந்துதல் எனப் பத்து வகையாகப் பயிற்சியைப் பகுத்தார். இதுவே அவரது இயற்கை முறை. 1913-இல் ரீம்ஸ் நகரில் அவரது தலைமையில் உடற்பயிற்சிக் கல்லூரி தொடங்கியது.

மறு ஆண்டே முதல் உலகப் போர் மூண்டது. போர்முனைக்குச் சென்ற எபேர் காயமுற்றார். குண்டுவீச்சில் கல்லூரியும் சிதைந்தது. அவர் சோர்ந்துவிடவில்லை. போருக்குப் பின் பெண்கள், சிறுவர்கள் ஆகியோருக்கும் தம் முறையைக் கொண்டுசென்றார். வெற்றியை மட்டுமே குறியாகக் கொண்ட விளையாட்டு, உடற்கல்வியின் நோக்கத்தைக் கெடுக்கிறது என்று 1925-இல் தனி நூலே எழுதினார். இன்று உலகெங்கும் படைவீரர்கள் தாண்டும் தடைப்பாதைகளின் வேர்களில் அவரது பணியும் ஒன்று.

முதுமையில் அவரைப் பக்கவாதம் வீழ்த்தியது. பிறருக்கு நடையும் ஓட்டமும் கற்பித்தவர், தாமே நடக்கவும் பேசவும் எழுதவும் மீண்டும் கற்றுக்கொண்டார். 1957 ஆகஸ்ட் 2 அன்று மறைந்தார். ஆயிரக்கணக்கானோருக்கு அளித்த பயிற்சியைவிட, அந்த இறுதிப் பயிற்சியே என்னை அதிகம் நெகிழச் செய்கிறது.

அக்னிபத் திட்டத்தில் நான்கு ஆண்டுகள் பணியாற்றுவோரில் 25 விழுக்காட்டினர் வரையே படையில் நிலைபெற முடியும். மற்றவர்கள் இருபதுகளிலேயே ஊர் திரும்புவர். அவர்கள் அனைவரும் காவலாளிகளாகத்தான் வேண்டுமா? பள்ளிகளுக்கு உடற்பயிற்சியாளர்கள் தேவை. முழங்கால் தேய்ந்த மீனவர்களுக்கும் வாதத்தில் விழுந்த முதியோருக்கும் இயன்முறை மருத்துவர்கள் தேவை. படைப்பயிற்சி மட்டுமே ஒருவரைச் சிகிச்சையாளராக்கிவிடாது; அதற்கு முறையான படிப்பு வேண்டும். அந்தப் படிப்புக்கான உதவித்தொகையையும் கல்லூரி இடங்களையும் அரசு உறுதிசெய்யலாம்.

தேர்வாகாமல் திரும்பும் இளைஞர்களிடம் நான் இப்போது சொல்வது ஒன்றுதான்: நாளையும் ஓட வாருங்கள். ஊருக்கு உங்கள் உடல் தேவைப்படும்.