டிம் ஹார்ட்டன்: காபி கடைக்குப் பெயர் தந்த ஐஸ் ஹாக்கி வீரர், கடைசி ஒப்பந்தத்தில் கிடைத்த காரே எமனானது எப்படி?

டொராண்டோ, ஸ்கார்பரோ பக்கம் உங்க சொந்தக்காரங்க யாராவது இருந்தா, 'டிம் ஹார்ட்டன்ஸ்' என்ற பெயரை நிச்சயம் கேட்டிருப்பீங்க. கனடாவில் எங்கே திரும்பினாலும் கண்ணில் படும் காபி, டோனட் கடை அது. ஆனா அது யாரோ யோசிச்சு வெச்ச கற்பனைப் பெயர் இல்ல. டிம் ஹார்ட்டன் என்று உண்மையிலேயே ஒருத்தர் இருந்தார். ஐஸ் ஹாக்கி வீரர். 44 வயதில், லீக்கில் ஆடிக்கொண்டிருந்தபோதே விபத்தில் இறந்துபோனவர்.

நான்கு முறை கோப்பை வென்ற நட்சத்திரம் ஏன் டோனட் விற்கப் போனார்? 44 வயதிலும் ஏன் ஓய்வு பெறவில்லை? இரண்டு கேள்விக்கும் பதில் தேடினால், அந்தக் காலத்து ஹாக்கி ஒப்பந்தங்களில்தான் போய் நிற்கும்.

யார் இந்த டிம் ஹார்ட்டன்?

1930 ஜனவரி 12-ம் தேதி, ஒன்டாரியோ மாகாணத்தின் வடக்கே உள்ள காக்ரேன் என்ற சின்ன ஊரில் பிறந்தார். அப்பா ரயில்வே தொழிலாளி. பனி உறைந்து கிடக்கும் அந்தப் பக்கத்துப் பையன்களுக்கு ஹாக்கிதான் வெளியுலகத்துக்குப் போகும் வழி. ஹார்ட்டனும் அப்படித்தான் டொராண்டோ வந்து சேர்ந்தார். 1952-53 சீசனில் இருந்து டொராண்டோ மேப்பிள் லீஃப்ஸ் அணியின் நிரந்தர வீரர் ஆனார்.

அவர் ஆடியது தடுப்பாட்டம். கோல் அடிப்பவர்களை மடக்கும் வேலை. உடல் பலத்துக்குப் பெயர் போனவர். ஆனா கிட்டப்பார்வை, கண்ணாடி இல்லாமல் தூரத்தில் இருப்பது சரியாகத் தெரியாது. 1955 மார்ச்சில் எதிரணி வீரர் மோதியதில் காலும் தாடையும் உடைந்தன. அத்தோடு முடிந்தது என்று பலரும் நினைத்தார்கள். அவர் திரும்பி வந்தார். 1961-ல் இருந்து 1968 வரை ஒரு மேட்ச் கூடத் தவறாமல் தொடர்ச்சியாக 486 மேட்ச் ஆடினார். 1962, 1963, 1964, 1967 என நான்கு முறை ஸ்டான்லி கப் வென்றார்.

அப்போது ஒப்பந்தம் எப்படி இருந்தது?

1967 வரை தேசிய ஹாக்கி லீக்கில் இருந்தது ஆறே டீம். மொத்தமாகப் பார்த்தால் சுமார் 120 பேருக்குத்தான் வேலை. ஒரு டீம் ஒரு வீரரை ஒருமுறை எடுத்துவிட்டால், ஒப்பந்தக் காலம் முடிந்தாலும் அவர் மேல் உரிமை அந்த டீமுக்கே. வேறு டீம் கூடுதல் சம்பளம் தரத் தயாராக இருந்தாலும் வீரர் தானாகப் போக முடியாது. டீம் நினைத்தால் மட்டும் அவரை விற்கலாம், மாற்றலாம்.

அப்ப சங்கம் வெச்சிருக்கலாமே? வெச்சுப் பார்த்தாங்க. 1957-ல் டெட்ராய்ட் அணியின் டெட் லிண்ட்சே தலைமையில் வீரர்கள் சங்கம் தொடங்கினார்கள். அந்த ஆண்டே லிண்ட்சே சிகாகோவுக்கு அனுப்பப்பட்டார். லீஃப்ஸ் அணியில் சங்கத்துக்காக நின்ற ஜிம்மி தாம்சனும் அதே சிகாகோவுக்கு விற்கப்பட்டார். ஹார்ட்டனோடு ஒரே டிரெஸ்ஸிங் ரூமில் இருந்தவர் தாம்சன். வாயைத் திறந்தால் என்ன ஆகும் என்பது எல்லோருக்கும் புரிந்தது. நிலைத்து நின்ற சங்கம் 1967-ல்தான் வந்தது.

டோனட் கடை எங்கிருந்து வந்தது?

சீசன் முடிந்ததும் பெரும்பாலான வீரர்கள் வேறு வேலை தேட வேண்டிய நிலை. ஹார்ட்டன் கோடைக்காலத்தில் லீஃப்ஸ் முதலாளி கான் ஸ்மைத்தின் ஜல்லி குவாரியில் வேலை பார்த்திருக்கிறார். கார் விற்றார். ஹாம்பர்கர் கடை போட்டுப் பார்த்தார். அது சரியாகப் போகவில்லை.

1964-ல், 34 வயதில், இரும்பு ஆலைகள் நிறைந்த ஹாமில்டன் நகரில் முதல் டோனட் கடையைத் தொடங்கினார். விற்றது இரண்டே பொருள்: காபி, டோனட். அடுத்த ஆண்டு அந்தக் கடையை எடுத்து நடத்த வந்தவர் ரான் ஜாய்ஸ் என்ற முன்னாள் போலீஸ்காரர். 1967-ல் இருவரும் பங்குதாரர்கள் ஆனார்கள். கால் ஓடும்வரைதான் சம்பளம். அதுக்கப்புறம் குடும்பத்துக்கு என்ன வழி? மனைவி, நான்கு மகள்கள் இருந்த வீட்டில் அந்தக் கேள்விக்கு ஹார்ட்டன் கண்டுபிடித்த பதில்தான் இந்தக் கடை.

வயது ஏற ஏற என்ன நடந்தது?

1970 மார்ச்சில் லீஃப்ஸ் அவரை நியூயார்க் ரேஞ்சர்ஸுக்கு அனுப்பியது. அப்போது வயது 40. அடுத்து பிட்ஸ்பர்க். 1972-ல் பஃபலோ சேபர்ஸ். அங்கே மேனேஜராக இருந்தவர் அவருடைய பழைய கோச் பஞ்ச் இம்லாக். 42 வயதுக்காரரை எடுத்ததற்குக் காரணம், இளம் வீரர்களுக்கு வழிகாட்ட ஒரு மூத்தவர் வேண்டும் என்பதுதான். அந்த சீசனிலேயே சேபர்ஸ் முதல்முறையாக பிளே-ஆஃப் சுற்றுக்குப் போனது.

இதே சமயத்தில் சந்தையும் மாறியது. லீக் 1967-ல் 12 டீமாக விரிந்திருந்தது. 1972-ல் போட்டியாக உலக ஹாக்கி சங்கம் என்ற புது லீக் வந்தது. வீரர்களைப் பணம் கொடுத்து இழுத்தது. பாபி ஹல் 10 லட்சம் டாலர் முன்பணத்தோடு அங்கே போனார். ஓய்வு பெற்றிருந்த கோர்டி ஹாவ் 45 வயதில் தன் மகன்களோடு ஆடத் திரும்பி வந்தார். வயதான வீரர்களுக்கும் திடீரென்று மவுசு.

1973-ல் ஹார்ட்டன் ஓய்வு பெறுவதா வேண்டாமா என்று யோசித்தார். இன்னும் ஒரு சீசன் ஆட வைக்க இம்லாக் கொடுத்த தூண்டில், பான்டெரா என்ற இத்தாலிய ஸ்போர்ட்ஸ் கார். ஹார்ட்டன் கையெழுத்துப் போட்டார்.

1974 பிப்ரவரி 21 அன்று என்ன ஆனது?

முந்தைய நாள் இரவு டொராண்டோவில் மேட்ச். சேபர்ஸ் தோற்றது. தாடையில் அடிபட்டிருந்ததால் கடைசிப் பகுதியில் ஹார்ட்டன் வெளியே உட்கார்ந்தார். அப்படியும் அன்றைய சிறந்த மூன்று வீரர்களில் ஒருவராகத் தேர்வானார். பிறகு அதே பான்டெராவில் தனியாக பஃபலோவுக்குக் கிளம்பினார். விடியற்காலையில் செயின்ட் கேதரின்ஸ் அருகே நெடுஞ்சாலையில் கார் கட்டுப்பாட்டை இழந்து உருண்டது. சீட் பெல்ட் போடவில்லை. வெளியே தூக்கி எறியப்பட்டு இறந்தார். ரத்தத்தில் மது அளவு சட்ட வரம்பைப் போல இரு மடங்கு இருந்தது என்ற பிரேதப் பரிசோதனைத் தகவல் 2005-ல்தான் வெளியே வந்தது.

அப்போது சுமார் 40 கடைகள் இருந்தன. அடுத்த ஆண்டு மனைவி லோரி தன் பங்கை 10 லட்சம் டாலருக்கு ஜாய்ஸிடம் விற்றார். பின்னாளில் அந்த விற்பனையை எதிர்த்து நீதிமன்றம் போனார், தோற்றார். ஜாய்ஸ் கடைகளை நாடு முழுக்க வளர்த்தார். 2014-ல் பர்கர் கிங் இந்த நிறுவனத்தை வாங்கியபோது விலை 1,100 கோடி அமெரிக்க டாலருக்கும் மேல்.

இன்றைக்கு ஒரு மூத்த வீரரின் நிலை என்ன?

இப்போது வீரர்களுக்கு வலுவான சங்கம் இருக்கிறது. குறிப்பிட்ட காலத்துக்குப் பிறகு பிடித்த டீமுக்குப் போகலாம். அதே நேரம், ஒரு முழு சீசனே ரத்தான மோதலுக்குப் பிறகு 2005-ல் சம்பள உச்சவரம்பு வந்தது. ஒரு டீம் மொத்த வீரர்களுக்கும் சேர்த்து இவ்வளவுதான் செலவு செய்யலாம் என்ற வரம்பு அது. முதல் ஆண்டில் 3.9 கோடி டாலர். 2025-26 சீசனில் 9.55 கோடி டாலர்.

இதில் வயதானவர்களுக்குத் தனிக் கணக்கு. 35 வயதைத் தாண்டியவரோடு பல ஆண்டு ஒப்பந்தம் போட்டு, அவர் நடுவில் ஓய்வு பெற்றால், அந்தத் தொகை டீமின் வரம்புக் கணக்கிலேயே தொடரக்கூடும். அதனால் மூத்த வீரர்களுக்குப் பெரும்பாலும் ஒரு வருட ஒப்பந்தம்தான். ஒப்பந்தத்துக்கு வெளியே பரிசு கொடுத்து ஆட வைப்பதும் விதிமீறல். ஹார்ட்டனுக்கு கார் கிடைத்த மாதிரி இன்று யாருக்கும் சத்தமில்லாமல் கொடுத்துவிட முடியாது.

1977-ல் ஹாக்கி புகழ் மண்டபத்தில் ஹார்ட்டன் பெயர் சேர்ந்தது. பஃபலோவில் அவர் அணிந்த 2-ம் எண்ணை 1996-ல் இருந்து வேறு எந்த வீரருக்கும் கொடுப்பதில்லை. 2025-26 சீசனில் அந்த லீக்கில் ஒரு வீரரின் குறைந்தபட்ச ஆண்டுச் சம்பளமே 7.75 லட்சம் டாலர். கோடையில் ஜல்லி குவாரிக்குப் போக வேண்டிய அவசியம் யாருக்கும் இல்லை.