சோடாவைத் தந்த போதகர்

கோடை நாள்களில் போளூரிலிருந்தோ திருப்பத்தூரிலிருந்தோ ஜவ்வாது மலைக்குப் பயணப்படுவோர், சாலையோரக் கடையில் ஒரு குவளை எலுமிச்சை சோடாவோ நன்னாரி சோடாவோ பருகி இளைப்பாறுவதுண்டு. நுரைக்கும் பானத்தில் பழச்சாறு கலந்து பருகும் பழக்கம் உலகின் பல நாடுகளில் உள்ளது. மேலைநாடுகளில் காலை உணவுக்கும் நண்பகல் உணவுக்கும் இடைப்பட்ட விருந்துகளில், நுரைக்கும் திராட்சை மதுவில் ஆரஞ்சுச் சாற்றைக் கலந்து பரிமாறுகிறார்கள். நம் ஊரில் அதே குமிழி, மது இல்லாமல், எளியவர் கைக்கு எட்டும் விலையில் கிடைக்கிறது.

மது நொதிக்கும்போது எழும் வாயுவை வெறும் தண்ணீருக்குள் ஏற்றும் எளிய முறையை உலகுக்கு எழுதித் தந்தவர் ஜோசப் பிரீஸ்ட்லி. ஆக்சிஜனைக் கண்டறிந்தவர் என்று பள்ளிப் பாடநூல்கள் அவரை அறிமுகம் செய்கின்றன. ஆனால், ஏழை எளியோரின் தாகம் தீர்த்த வகையிலும் நாம் அவருக்குக் கடன்பட்டிருக்கிறோம் என்பது அதிகம் பேசப்படுவதில்லை.

இங்கிலாந்தின் யார்க்‌ஷயர் பகுதியில், லீட்ஸ் நகருக்கு அருகேயுள்ள சிற்றூரில் 1733 மார்ச் மாதம் பிரீஸ்ட்லி பிறந்தார். தந்தை, நெய்த கம்பளித் துணியைச் செப்பனிடும் தொழில் செய்தவர். ஆறு வயதிலேயே தாயை இழந்த சிறுவனை, பிள்ளைப்பேறில்லாத அத்தை எடுத்து வளர்த்தார். அந்த வீட்டுக்குப் பலவகைச் சமயக் கருத்துடைய போதகர்கள் வந்து விவாதிப்பார்கள். எந்தக் கருத்தையும் கேள்வி கேட்டபின் ஏற்கும் பழக்கம் அங்கேதான் அவருக்கு வந்தது.

அவருடைய குடும்பம் ஆங்கிலத் திருச்சபையின் கொள்கைகளை ஏற்காத பிரிவைச் சேர்ந்தது. அத்தகையோர் ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகங்களில் பட்டம் பெற அந்நாளில் வழியில்லை. அரசுப் பதவிகளின் கதவுகளும் அவர்களுக்கு அடைத்தே இருந்தன. எனவே, அப்பிரிவினர் தாமே நடத்திவந்த டேவன்ட்ரி கல்விக்கூடத்தில் அவர் பயின்றார். லத்தீன், கிரேக்கம், ஹீப்ரு முதலாகப் பல மொழிகளைக் கற்றார். இயற்கை அறிவியலை முறையாக யாரிடமும் கற்றவரல்லர்.

போதகர் பணி அவருக்கு எளிதாக அமையவில்லை. பேசும்போது நாக்குத் திக்கும். கருத்துகளோ சபையினரை மிரள வைக்கும். வருவாய் போதாமல் பள்ளிக்கூடம் நடத்தினார். அதில் மிஞ்சிய பணத்தில் காற்றை உறிஞ்சும் குழாய்க்கருவியும் மின்கருவியும் வாங்கி மாணவர்களுக்குக் காட்டினார். பின்னர் வாரிங்டன் கல்விக்கூடத்தில் ஆசிரியரானார். 1762-இல் இரும்பாலை அதிபர் ஜான் வில்கின்சனின் சகோதரி மேரியை மணந்தார். லண்டனில் பெஞ்சமின் ஃபிராங்க்ளினின் நட்பு கிட்டியது. அவர் தந்த ஊக்கத்தால் மின்னியலின் வரலாற்றை எழுதி 1767-இல் வெளியிட்டார்.

அதே ஆண்டு லீட்ஸ் நகரின் மில் ஹில் சபைக்குப் போதகராகச் சென்றபோது, அவர் குடியேறிய வீட்டுக்கு அடுத்தாற்போல் ஒரு பீர் வடிப்பாலை இருந்தது. பெரிய தொட்டிகளில் தானியக் கரைசல் நொதித்துக்கொண்டிருக்கும். அதன்மேல் கண்ணுக்குத் தெரியாத ஒரு வாயு அடுக்காகப் படிந்து நிற்பதை அவர் கவனித்தார். எரியும் குச்சியை அதற்குள் நீட்டினால் அணைந்துவிடும். புகை அந்த வாயுவில் மிதந்து, தொட்டியின் விளிம்பு வழியே கீழே வழியும். இன்று நாம் கார்பன் டை ஆக்சைடு என்று அழைக்கும் வாயுதான் அது.

தொட்டிக்கு மேலே இரு பாத்திரங்களைப் பிடித்து, ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தண்ணீரை மாற்றி மாற்றி ஊற்றினார், நம் தேநீர்க் கடைக்காரர் தேநீரை ஆற்றுவது போல. சில நிமிடங்களில் அந்தத் தண்ணீர் வாயுவை உள்வாங்கிக்கொண்டு, இயற்கைக் கனிம ஊற்று நீரைப் போல இனிய கார்ப்புச் சுவை பெற்றது. அந்நாளில் அத்தகைய ஊற்று நீர் செல்வந்தர்களின் மருந்து; தொலைதூரங்களிலிருந்து புட்டிகளில் வரவழைக்கப்பட்டது. மதுவின் குமிழியை மயக்கம் இல்லாமல் பெறலாம் என்பதை ஒரு சமயப் போதகர், அதுவும் ஒரு வடிப்பாலையில், அறிந்துகொண்டது வரலாற்றின் விந்தைகளுள் ஒன்று.

வடிப்பாலை இல்லாதவர்களும் இதைச் செய்ய வழி தேடினார். சுண்ணக்கட்டித் தூளின்மீது கந்தக அமிலத்தைச் சொட்டவிட்டு, எழும் வாயுவை விலங்கின் சிறுநீர்ப்பையில் பிடித்து, தண்ணீருக்குள் செலுத்திக் குலுக்கும் முறையை வகுத்தார். இதை 1772-இல் ஒரு சிறு நூலாக அச்சிட்டு, யார் வேண்டுமானாலும் செய்துகொள்ளலாம் என்று பொதுவில் வைத்தார். காப்புரிமை கோரவில்லை. அந்தப் பை தண்ணீருக்குக் கெட்ட வாடையைத் தருகிறது என்று குறை கூறிய நூத் என்னும் மருத்துவர், கண்ணாடிக் கருவி ஒன்றை அமைத்தார். திறந்து வைக்கப்பட்ட அறிவை அடுத்தவர் திருத்துவதும் எளிது என்பதற்கு இது சான்று.

பிரீஸ்ட்லியின் நோக்கம் வணிகமன்று. நெடுங்கடல் பயணங்களில் மாலுமிகளைக் கொன்றுகொண்டிருந்த ஸ்கர்வி நோயை இந்த நீர் தடுக்கும் என்று அவர் நம்பினார். கேப்டன் குக்கின் இரண்டாவது பயணத்தில் இதற்கான கருவிகள் கப்பலேறின. அந்தப் பயணத்தில் வானியலாளராகச் செல்லும் வாய்ப்பு பிரீஸ்ட்லிக்கே வருவதாக இருந்து, அவருடைய சமயக் கருத்துகளால் கைநழுவிற்று. அவருடைய மருத்துவ நம்பிக்கையும் பொய்த்தது. ஸ்கர்வியைக் குணப்படுத்தும் ஆற்றல் எலுமிச்சை, ஆரஞ்சு ஆகியவற்றின் சாற்றில் உள்ளதை ஜேம்ஸ் லிண்ட் என்ற கடற்படை மருத்துவர் 1747-லேயே சோதித்து அறிந்திருந்தார். பிரிட்டிஷ் கடற்படை 1795-இல்தான் எலுமிச்சைச் சாற்றை முறைப்படி வழங்கத் தொடங்கியது. நம் எலுமிச்சை சோடாவில் லிண்டின் பழமும் பிரீஸ்ட்லியின் குமிழியும் ஒரே குவளையில் சேர்ந்திருக்கின்றன.

வாயுக்கள் குறித்த ஆய்வுகளுக்காக 1773-இல் ராயல் சொசைட்டி அவருக்குக் காப்ளி பதக்கம் வழங்கியது. மெழுகுவத்தி எரிந்து கெட்டுப்போன காற்றைப் புதினாச் செடி மீண்டும் தூய்மையாக்குகிறது என்று அவர் காட்டியிருந்தார். ஷெல்பர்ன் பிரபுவிடம் நூலகராகப் பணியாற்றிய காலத்தில், 1774 ஆகஸ்ட் 1 அன்று, பாதரச ஆக்சைடின் மீது உருப்பெருக்கிக் கண்ணாடியால் வெயிலைக் குவித்து ஆக்சிஜனைப் பிரித்தெடுத்தார். சுவீடனில் ஷீலே அதை முன்பே கண்டிருந்தாலும், முதலில் வெளியிட்டவர் பிரீஸ்ட்லியே. பாரிஸ் சென்றபோது அதையும் மறைக்காமல் லவாய்சியரிடம் சொன்னார். அதைக் கொண்டு லவாய்சியர் புதிய வேதியியலையே எழுப்பினார். பிரீஸ்ட்லியோ ஃபுளோஜிஸ்டன் என்ற பழைய கோட்பாட்டை இறுதிவரை கைவிடவில்லை. தாம் கண்டதன் முழுப் பொருளை அவர் உணராமல் போனது அவர் வாழ்வின் பெருங்குறை.

சோடா நீரில் பொருளீட்டியவர் வேறொருவர். ஜெனீவாவில் வாழ்ந்த நகைத் தொழிலாளி ஜேக்கப் ஷ்வெப், அதைப் பெருமளவில் தயாரிக்கும் தொழிலை 1783-இல் தொடங்கி, 1792-இல் லண்டனுக்கும் கொண்டுசென்றார். அவர் பெயரிலான பானங்கள் இன்றும் சந்தையில் உள்ளன. இதில் பிரீஸ்ட்லி ஏமாற்றப்பட்டார் என்று கூறுவதற்கில்லை. அறிவு என்பது ஒருவர் பயன்படுத்துவதால் மற்றவருக்குக் குறைந்துபோகாத பொருள்; அதைப் பொதுச்சொத்து என்று பொருளியல் வகைப்படுத்துகிறது. ஆனால், அது செலவின்றி விளைவதன்று. ஷெல்பர்ன் பிரபு ஆண்டுக்கு 250 பவுண்டு ஊதியம் அளித்தார். பின்னர் பர்மிங்காமில் ஜேம்ஸ் வாட், வெட்ஜ்வுட் போன்றோர் அடங்கிய லூனார் சங்கத்து நண்பர்கள் துணை நின்றனர். அன்று புரவலர்கள் செய்ததை இன்று மக்களின் வரிப்பணம் செய்கிறது. ஜவ்வாது மலையின் காவலூரில் உள்ள வைணு பாப்பு வானாய்வகம் அதற்கு நல்ல எடுத்துக்காட்டு. யுரேனஸ் கோளைச் சுற்றி வளையங்கள் இருப்பதற்கான தடயங்கள் 1977-இல் அங்கும் பதிவாயின. அந்த அறிவு உலகுக்கே பொதுவானது.

நன்மை செய்தவருக்கு நாடு தந்த பரிசு கொடிது. பிரெஞ்சுப் புரட்சியை வரவேற்றார், திருச்சபையின் ஆதிக்கத்தை எதிர்த்தார் என்பதற்காக, 1791 ஜூலை 14 அன்று பர்மிங்காமில் திரண்ட கும்பல் அவர் வீட்டுக்குத் தீ வைத்தது. பல்லாண்டு சேர்த்த நூல்களும் கையெழுத்துப் படிகளும் ஆய்வுக்கருவிகளும் அழிந்தன. குடும்பத்தினர் சற்று முன்னதாக வெளியேறியதால் உயிர் தப்பினர். லண்டனிலும் நிம்மதி இல்லை. 1794 ஏப்ரலில் அமெரிக்காவுக்குக் கப்பலேறினார். அவர் நடுக்கடலில் இருந்த மே மாதத்தில், பாரிஸில் லவாய்சியரின் தலை துண்டிக்கப்பட்டது. புரட்சியை ஆதரித்ததாக ஒருவரை ஒரு நாடு துரத்தியது. பழைய ஆட்சியின் வரி வசூலித்தவர் என்று மற்றவரை இன்னொரு நாடு கொன்றது.

பென்சில்வேனியாவில் சஸ்குவேஹன்னா ஆற்றங்கரையில் உள்ள நார்தம்பர்லாண்ட் என்ற சிற்றூரில் குடியேறினார். அங்கே இளைய மகனையும், அடுத்த ஆண்டே மனைவியையும் பறிகொடுத்தார். ஆயினும் ஆய்வையும் எழுத்தையும் விடவில்லை. 1804 பிப்ரவரி 6 அன்று காலமானார். ஆக்சிஜன் கண்டறியப்பட்டதன் நூற்றாண்டையொட்டி 1874-இல் அவ்வூரில் வேதியியலாளர்கள் கூடினர்; அமெரிக்க வேதியியல் கழகம் தோன்றுவதற்கு அக்கூட்டமே வித்திட்டது.

அவர் விட்டுச்சென்ற முறையை ஏழைநாட்டுச் சந்தைவரை கொண்டுவந்தது, ஹைரம் காட் என்ற ஆங்கிலேயர் 1872-இல் காப்புரிமை பெற்ற கோலி அடைத்த புட்டி. உள்ளிருக்கும் வாயுவின் அழுத்தமே கோலியை மேலே தள்ளி வாயை அடைக்கும். தக்கை வேண்டாம், புட்டியைக் கழுவி மீண்டும் மீண்டும் நிரப்பலாம். சிறு முதலீட்டில் ஒரு குடும்பம் நடத்தக்கூடிய தொழிலாகச் சோடா தமிழகத்தில் பரவியது. குளிர்ந்த நீரே வாயுவை அதிகம் தாங்கும் என்பதும், சாற்றை முதலில் ஊற்றிச் சோடாவைக் குவளையின் ஓரமாகச் சாய்த்து ஊற்றினால் குமிழி நிலைக்கும் என்பதும், உப்பைக் கடைசியில் போட்டால் நுரை பொங்கி வழியும் என்பதும் கடைக்காரர் அனுபவத்தில் அறிந்தவை.

இன்றைய நிலையையும் இங்கு எண்ணிப் பார்க்க வேண்டும். ஜவ்வாது மலையில் பலா, சீத்தா, நெல்லி ஆகியவை விளைகின்றன. பறித்த சில நாள்களுக்குள் விற்றாக வேண்டிய பழங்கள் இவை. மதிப்புக்கூட்டினால்தான் மலைவாழ் மக்களுக்குக் கட்டுப்படியாகும் விலை கிடைக்கும். ஆனால், 2025 செப்டம்பர் 22 முதல் நடைமுறையில் உள்ள சரக்கு-சேவை வரி விகிதப்படி, சர்க்கரையோ சுவையோ சேராத சோடா நீருக்கு 5 சதவீதம். குமிழி ஏற்றாத பழச்சாற்றுப் பானத்துக்கும் 5 சதவீதம். இவ்விரண்டையும் கலந்து புட்டியில் அடைத்தால் 40 சதவீதம்! முன்பும் 28 சதவீத வரியும் 12 சதவீத இழப்பீட்டு வரியுமாக இதே சுமைதான். சிறு உற்பத்தியாளர்களுக்கான ‘காம்போசிஷன்’ என்னும் எளிய வரித் திட்டத்திலும் சோடா பானம் தயாரிப்போருக்கு இடமில்லை.

உடல்நலம் கருதி இனிப்புப் பானங்களுக்குக் கூடுதல் வரி விதிப்பதில் தவறில்லை. ஆனால், கேடு சர்க்கரையில் உள்ளது, குமிழியில் அன்று. பிரிட்டன் 2018 முதல் 100 மில்லிலிட்டரில் எத்தனை கிராம் சர்க்கரை என்பதைக் கணக்கிட்டுப் படிநிலை வரி விதிக்கிறது. சர்க்கரை சேர்க்காத பழச்சாற்றுக்கு விலக்களிக்கிறது. அந்த முறையை நாமும் பின்பற்றினால், சர்க்கரை குறைந்த நெல்லிச்சாற்று சோடாவை மலையில் தயாரிக்கும் சிறு குழுவும், பெருநிறுவனத்தின் இனிப்புப் பானமும் ஒரே தராசில் நிறுக்கப்படாது.

நொதிக்கும் தொட்டியின் அருகே நின்று, எது மயக்கம் தருவது, எது தராதது என்று பிரித்துப் பார்த்தவர் பிரீஸ்ட்லி. அப்படிப் பிரித்தறிந்ததை விலை கேட்காமல் உலகுக்குக் கொடுத்தார். அவர் காட்டிய அந்தப் பகுத்தறியும் பார்வை ஆய்வுக்கூடத்துக்கு மட்டுமல்ல, வரிக் கொள்கைக்கும் தேவை.

கட்டுரையாளர்: பொருளியல் பேராசிரியர் (ஓய்வு).