எசிங்டன் லூயிஸ் யார்? ஜப்பான் பற்றி எச்சரித்தவரின் கம்பெனியே ஜப்பானுக்கு இரும்பு விற்ற கதை

உலகின் மிகப்பெரிய சுரங்க நிறுவனங்களில் ஒன்று ஆஸ்திரேலியாவின் பி.எச்.பி. ஒரு காலத்தில் அது ஸ்டீல் கம்பெனியாகவும் கொடிகட்டிப் பறந்தது. அப்போது அதை நடத்தியவர் எசிங்டன் லூயிஸ், ஒரு முன்னாள் ஃபுட்பால் வீரர்.

எந்த ஃபுட்பால்?

நாம டிவியில் பார்க்கும் கால்பந்து இல்லை. இது ஆஸ்திரேலியன் ரூல்ஸ். கிரிக்கெட் மைதானம் மாதிரியான நீள்வட்டத் திடலில், அணிக்கு 18 பேர் ஆடுவார்கள். பந்தை உதைக்கலாம், கையில் எடுத்துக்கொண்டும் ஓடலாம். 1881-ல் தெற்கு ஆஸ்திரேலியாவில் பிறந்த லூயிஸ், அடிலெய்டின் நார்வுட் அணிக்கு ஆடினார். 1901-ல் பட்டம் வென்ற அணியில் அவரும் இருந்தார்.

ஆலைக்கு எப்படி வந்தார்?

சுரங்கத் துறையில் படித்துவிட்டு, 1904-ல் பி.எச்.பி.யில் சேர்ந்தார். 1921-ல் பொது மேலாளர் ஆனார். அடுத்த ஆண்டே, விலைச் சரிவால் நியூ சவுத் வேல்ஸின் நியூகாசில் ஸ்டீல் ஆலை மாதக்கணக்கில் மூடிக்கிடந்தது. செலவைக் குறைத்து, இயந்திரங்களை நவீனமாக்கி அதை நிமிர்த்தினார். 1926-ல் நிர்வாக இயக்குநர் ஆனார்.

ஜப்பானில் என்ன பார்த்தார்?

1934-ல் ஜப்பான் போனவர், அந்த நாடு போருக்குத் தயாராகுதுன்னு உணர்ந்தார். ஊர் திரும்பி எச்சரித்தார். 1936-ல் காமன்வெல்த் ஏர்கிராஃப்ட் கார்ப்பரேஷன் என்ற விமானத் தயாரிப்பு நிறுவனம் உருவானதில் அவருக்குப் பெரிய பங்கு உண்டு.

அப்புறம் ஏன் சர்ச்சை?

1938 நவம்பரில், போர்ட் கெம்ப்ளா துறைமுகத் தொழிலாளர்கள் டால்ஃப்ராம் கப்பலில் கச்சா இரும்பை ஏற்ற மறுத்தார்கள். சரக்கு பி.எச்.பி. குழுமத்துடையது, போக வேண்டிய இடம் ஜப்பான். அந்த இரும்பு சீன மக்கள் மீது குண்டாக விழும், நாளைக்கு நம்ம மேலயும் விழலாம் என்பது அவர்கள் வாதம். கம்பெனி அங்கிருந்த ஆலையை மூடியது. ஆயிரக்கணக்கானோர் வேலையிழந்தனர். 1939 ஜனவரியில் சரக்கு ஏற்றப்பட்டது.

போர் வந்தபோது?

அந்தத் தகராறில் தொழிலாளர்களுக்கு எதிராக நின்ற அட்டர்னி ஜெனரல் மென்சிஸ், 1939-ல் பிரதமரானார். 1940 மே மாதம் லூயிஸை ஆயுத உற்பத்தித் தலைமை இயக்குநராக நியமித்தார். 1941 அக்டோபரில் லேபர் கட்சி ஆட்சிக்கு வந்தது. தொழிற்சங்கத்திலிருந்து வந்த பிரதமர் கர்ட்டின், லூயிஸை நீக்கவில்லை. 1942-ல் விமான உற்பத்திப் பொறுப்பையும் கொடுத்தார்.

1961-ல் லூயிஸ் இறந்தார். அவரும் துறைமுகத் தொழிலாளர்களும் கண்டது ஒரே ஆபத்தைத்தான். ஆனா, 1938-ல் வேலையைப் பறிகொடுத்தது தொழிலாளர்கள் மட்டுமே.