சுதந்திர இலங்கையின் முதலாவது தொழில் அமைச்சர்: ரீ.பீ. ஜாயாவை நாம் மறந்த பக்கம்

மர்ஹூம் ரீ.பீ. ஜாயா என்றதும் எமது சமூகத்தவர்களுக்கு உடனே நினைவுக்கு வருவது கொழும்பு ஸாஹிறாக் கல்லூரிதான். வருடா வருடம் அவரை நினைவுகூரும் கூட்டங்களிலும் கல்விச் சேவையே பேசப்படுகிறது. அது நியாயமானதே. ஆனால் தொழிலாளி, முதலாளி, அரசாங்கம் என்ற மூன்று தரப்பாரும் ஒன்றாக அமர்ந்து பேச வேண்டும் என்ற ஏற்பாடு இந்நாட்டில் வேரூன்றிய காலத்தில், அதற்குரிய அமைச்சைப் பொறுப்பேற்றிருந்தவரும் அவரே. இந்தப் பக்கம் வாழைச்சேனையில் வாழும் எமக்கு மிகவும் நெருக்கமானது.

துவான் புர்ஹானுதீன் ஜாயா 1890 ஜனவரி 1 ஆம் திகதி கண்டி மாவட்டத்தின் கலகெதரையில் மலாய்க் குடும்பமொன்றில் பிறந்தார். கண்டியிலும் கொழும்பிலும் கற்று ஆசிரியரானார். தர்மராஜா, ஆனந்தா ஆகிய பௌத்த கல்லூரிகளில் படிப்பித்தார். 1921 இல் ஸாஹிறாவின் அதிபரானபோது அங்கிருந்த மாணவர்கள் 59 பேர் மட்டுமே. கால் நூற்றாண்டுக்கு மேல் அப்பொறுப்பில் இருந்து, அக்கல்லூரியை நாட்டின் முன்னணிப் பாடசாலைகளுள் ஒன்றாக்கினார்.

1924 இல் சட்டசபைக்குத் தெரிவானார். 1936 இல் அரசாங்க சபைக்கு நியமிக்கப்பட்டார். 1945 நவம்பரில் சோல்பரி அரசியல் திட்டம் அங்கு விவாதிக்கப்பட்டபோது, முஸ்லிம்களுக்கெனத் தனிப்பட்ட பாதுகாப்புகளை நிபந்தனையாக்காமல் சுதந்திரத்தின் பக்கம் நின்றார். எமது வரலாற்று நூல்கள் இதனைத் தவறாமல் குறிப்பிடுகின்றன.

1947 தேர்தலில் மூன்று உறுப்பினர்களைக் கொண்ட கொழும்பு மத்திய தொகுதியில் போட்டியிட்டார். முதலாவதாகத் தெரிவானவர் தொழிற்சங்கத் தலைவர் ஏ.ஈ. குணசிங்க, இரண்டாமவர் ஜாயா, மூன்றாமவர் கம்யூனிஸ்ட் கட்சியின் பீற்றர் கெனமன். துறைமுகத் தொழிலாளர்களும் நாட்டாமைகளும் சிறு வியாபாரிகளும் நிறைந்த தொகுதி அது. அந்த மக்களின் பிரதிநிதியை டீ.எஸ். சேனாநாயக்க தொழில், சமூக சேவைகள் அமைச்சராக்கினார்.

அவர் பொறுப்பேற்ற நேரம் இலகுவானதல்ல. சில மாதங்களுக்கு முன்னர்தான் பொது வேலைநிறுத்தம் ஒன்று நடந்து முடிந்திருந்தது. 1947 ஜூனில் அரசாங்க எழுதுவினைஞர் கந்தசாமி பொலிஸாரின் துப்பாக்கிச் சூட்டில் உயிரிழந்திருந்தார். பேச வழியில்லாதபோது தெருவில் இரத்தம் சிந்தும் என்பதை நாடு கண்ணால் கண்டிருந்தது.

பேசும் வழிகளுக்கான அடித்தளம் அதற்கு முன்னரே இடப்பட்டிருந்தது. 1929 இல் குணசிங்கவின் தொழிற்சங்கமும் முதலாளிமார் சம்மேளனமும் கூட்டு உடன்படிக்கை ஒன்றில் கைச்சாத்திட்டன. 1941 இன் சம்பளச் சபைகள் கட்டளைச் சட்டம் ஒவ்வொரு தொழிலுக்கும் ஒரு சபையை அமைக்க வழி செய்தது. அச்சபையில் முதலாளிமார் பிரதிநிதிகளும் தொழிலாளர் பிரதிநிதிகளும் சம எண்ணிக்கையில் இருப்பர். அரசாங்கம் நியமிக்கும் சிலரும் நடுவில் இருப்பர். மிகக் குறைந்த சம்பளத்தையும் வேலை நேரத்தையும் அச்சபையே தீர்மானிக்கும். ஒருவரது தயவில் தங்கியிருந்த கூலி, பலர் கூடி முடிவு செய்யும் விடயமாக மாறியது.

ஜாயா அமைச்சராக இருந்த 1948 இல் இலங்கை சர்வதேச தொழில் அமைப்பில் உறுப்புரிமை பெற்றது. அதன் மாநாட்டுக்கு ஒவ்வொரு நாடும் அரசாங்கத்தின் சார்பில் இருவரையும், முதலாளிமார் சார்பில் ஒருவரையும், தொழிலாளர் சார்பில் ஒருவரையும் அனுப்ப வேண்டும். அவர் அமைச்சை விட்டுச் சென்ற 1950 இல் கைத்தொழில் பிணக்குகள் சட்டம் வந்தது. சமரசப் பேச்சு, நடுத்தீர்ப்பு, கூட்டு உடன்படிக்கை ஆகியவற்றுக்கு இன்றும் அச்சட்டமே ஆதாரம்.

அக்காலத்தின் கறையையும் சொல்லாமல் விட முடியாது. 1948 இன் பிரஜாவுரிமைச் சட்டம் மலையகத் தோட்டத் தொழிலாளர்களில் பெரும்பாலானோரை நாடற்றவர்களாக்கியது. இந்திய வம்சாவளி முஸ்லிம்களும் அதில் பாதிக்கப்பட்டனர். அதைக் கொண்டுவந்த அமைச்சரவையில்தான் ஜாயாவும் இருந்தார். நாட்டின் மிகப் பெரிய தொழிலாளர் கூட்டம் வாக்குரிமையை இழந்த நிலையில், பேச்சு மேசையில் அவர்களது குரல் எவ்வளவு எடுபட்டிருக்கும்? ஜாயாவை மதிப்பவர்களும் இக்கேள்வியைத் தாண்டிப் போகக்கூடாது.

அதே அமைச்சரவையில் 1948 முதல் கைத்தொழில் அமைச்சராக இருந்தவர் ஜீ.ஜீ. பொன்னம்பலம். காங்கேசன்துறைச் சீமெந்து ஆலை, பரந்தன் இரசாயன ஆலை ஆகியவற்றுடன் வாழைச்சேனை கடதாசி ஆலையும் அவரது பெயரோடு பேசப்படுகிறது. 1956 இல் எமது ஆலை உற்பத்தியைத் தொடங்கியது. வயல்களில் மிஞ்சும் வைக்கோல் கடதாசியானது. தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் ஒரே கூரையின் கீழ் வேலை செய்தனர். வாழைச்சேனை, ஓட்டமாவடிக் கடைத்தெருக்களின் வியாபாரமும் அந்தச் சம்பள நாளையே நம்பியிருந்தது. பின்னர் யுத்தம் வந்தது, ஆலை நலிந்தது, இயந்திரங்கள் நின்றன.

அந்த ஆலையை என்ன செய்வது என்று பல அரசாங்கங்கள் பல தடவை அறிவித்தன. அவற்றைப் பிரதேச மக்கள் பெரும்பாலும் செய்தியில் பார்த்துத்தான் அறிந்துகொண்டனர். வேலை செய்த தொழிலாளியையும் வைக்கோல் தந்த விவசாயியையும் ஊர் வியாபாரியையும் ஒன்றாக உட்காரவைத்துக் கேட்கும் நிரந்தரமான ஓர் இடம் இங்கே இல்லை. கொழும்பில் தேசிய தொழில் ஆலோசனைச் சபை இருக்கிறது. முத்தரப்புக் கலந்தாலோசனை பற்றிய சர்வதேச சமவாயத்தை இலங்கை 1994 இல் ஏற்றுக்கொண்டும் இருக்கிறது. ஆனால் பங்கு முறையில் கடலுக்குப் போகும் படகுத் தொழிலாளிக்கும், வீட்டிலிருந்து தையல் வேலை செய்யும் பெண்ணுக்கும் அந்த மேசையில் கதிரை கிடையாது. சங்கம் இல்லாதவருக்குப் பிரதிநிதியும் இல்லை.

மஷூறா எமக்குப் புதிய விடயமல்ல. பள்ளிவாசல் நிர்வாகத்தையும் ஸகாத் பங்கீட்டையும் கூடிப் பேசியே முடிவு செய்கிறோம். வியர்வை உலரும் முன் கூலியைக் கொடுக்கச் சொன்ன நபி (ஸல்) அவர்களின் உம்மத் நாம். அப்படியிருந்தும் எமது கடைகளிலும் அரிசி ஆலைகளிலும் வேலை செய்வோருக்கான சம்பளச் சபைத் தீர்மானங்கள் எம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? நெல் குற்றும் தொழிலுக்கும் ஒரு சம்பளச் சபை உண்டு. வர்த்தகர் சங்கங்களும் பள்ளிவாசல் சம்மேளனங்களும் மீனவர் சங்கங்களும் ஒன்றுகூடிப் பிரதேச அபிவிருத்திக் கூட்டத்துக்கு ஒரே கோரிக்கையோடு போனால், அதனைத் தட்டிக்கழிப்பது அதிகாரிகளுக்கு இலகுவாக இருக்காது.

ஜாயா 1950 இல் பாகிஸ்தானுக்கான உயர்ஸ்தானிகராகச் சென்றார். 1960 மே 31 இல், புனிதப் பயணம் சென்றிருந்தபோது மதீனாவில் காலமாகி, ஜன்னத்துல் பகீயில் நல்லடக்கம் செய்யப்பட்டார். அமைச்சுப் பதவியை எத்தனை பேருக்கு நியமனம் வாங்கிக் கொடுத்தார் என்பதைக் கொண்டு அளக்கப் பழகிவிட்டோம். வேலை செய்பவன் சபையில் சமமாக அமர்ந்து பேசும் ஒழுங்கு அவரது காலத்தில் பலம் பெற்றதா என்பதையும் இனி கேட்டுப் பழகுவோம். அல்லாஹ் அன்னாரது நற்பணிகளை ஏற்றுக்கொள்வானாக.