நாணல் தந்த எதிர்ப்பாற்றல்: ஜானகி அம்மாளின் வாழ்வும் கம்பம் பள்ளத்தாக்கின் கேள்வியும்

முல்லைப் பெரியாற்று நீர் பாயும் கம்பம் பள்ளத்தாக்கில் நெல்லும் வாழையும் பன்னீர்த் திராட்சையும் கரும்பும் விளைகின்றன. தேனி மாவட்டத்தின் பல ஊர்களில் பட்டுப்புழுவுக்கான மல்பெரித் தோட்டங்களும் உண்டு. கரும்பின் தோகையைச் சோகை உரிக்கும் கைகளும், மல்பெரி இலையைக் கொய்யும் கைகளும் அந்த இலையின் தடிப்பையும் கூர்மையையும் நன்கறியும். ஆனால் அந்த இலை ஏன் அவ்வாறு இருக்கிறது, அப்பயிர் நோயை எப்படித் தாங்குகிறது என்னும் அறிவு ஆய்வகத்திற்கு உரியதாகவும், அப்பயிர் நிலவுடைமையாளருக்கு உரியதாகவும் பிரிக்கப்பட்டுள்ளது. இந்தப் பிரிவினையைப் புரிந்துகொள்ள எடவலத் கக்கட் ஜானகி அம்மாளின் வாழ்வு துணைசெய்யும்.

ஜானகி 1897 நவம்பர் 4 அன்று மலபாரின் தலைச்சேரியில் பிறந்தார். தந்தை துணை நீதிபதி. தாவரங்களில் ஈடுபாடு மிக்கவர். தாய், ஆங்கிலேய அதிகாரி ஒருவருக்கு மணஉறவுக்கு வெளியே பிறந்த மகள். குடும்பம் தீயர் சாதியைச் சேர்ந்தது. நம்பூதிரிகளிடமிருந்து இத்தனை அடி தள்ளி நிற்க வேண்டும் என்ற தீண்டாமை விதிக்கு மலபாரில் தீயர்களும் உட்பட்டிருந்தனர். எனினும் புலையர் போன்ற சமூகங்கள் அனுபவித்த அடிமைநிலை அவர்களுடையதன்று. கல்வியும் அரசுப் பணியும் வாய்த்த குடும்பம் அவருடையது. இந்த வேறுபாட்டை மறைத்து அவரைத் தலித் அறிவாளர் என்று கொண்டாடுவது வரலாற்றுக்குச் செய்யும் நியாயமாகாது. அவர் சந்தித்த சாதி இழிவைப் பேசாமல் விடுவதும் அவ்வாறே.

உறவினருடன் பேசப்பட்ட திருமணத்தை மறுத்து அவர் படிப்பைத் தேர்ந்தார். சென்னை ராணி மேரிக் கல்லூரியிலும் மாநிலக் கல்லூரியிலும் பயின்றார். மகளிர் கிறித்தவக் கல்லூரியில் கற்பித்தார். பார்பர் உதவித்தொகை பெற்று அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்திற்குச் சென்று, 1931இல் அறிவியல் முனைவர் பட்டம் பெற்றார். திருவனந்தபுரத்தில் சில காலம் பேராசிரியராக இருந்தபின், 1934இல் கோயம்புத்தூர் கரும்பு இனப்பெருக்க நிலையத்தில் மரபியலாளராகச் சேர்ந்தார்.

1912இல் தொடங்கப்பட்ட அந்நிலையத்தின் பெயரைத்தான் இன்றும் கோ 86032 போன்ற கரும்பு வகைகள் சுமக்கின்றன. வெப்பமண்டலத்தில் பயிரிடப்பட்ட தடித்த, சாறு மிக்க கரும்பை ஆய்வாளர்கள் மேன்மைக் கரும்பு என்றே பெயரிட்டு அழைத்தனர். அதன் இலை அகன்றது, இனிப்பு மிகுந்தது. ஆனால் நோய்க்கும் வறட்சிக்கும் எளிதில் பணியும். ஆற்றங்கரையில் களையாக வளரும் நாணலின் இலை ஒடுங்கியது, விறைத்தது. இனிப்பு மிகக் குறைவு. ஆனால் வெட்ட வெட்டத் தூர்கட்டும், நோயையும் தாங்கும். இவ்விரண்டையும் கலந்து, பின்னர் மேன்மைக் கரும்புடன் மீண்டும் மீண்டும் கலந்து, இனிப்பையும் எதிர்ப்பாற்றலையும் ஒரே தண்டில் சேர்த்தனர். 1918இல் வெளியான கோ 205 இவ்வழியில் வந்த முதல் வெற்றி. இன்றைய கரும்பின் குரோமோசோம்களில் ஏறத்தாழ 10 முதல் 20 விழுக்காடு மட்டுமே நாணல் வழி வந்தவை. அப்பங்கு இல்லையேல் இன்றைய கரும்பின் உறுதியும் இல்லை.

ஜானகி நாணலின் குரோமோசோம்களை எண்ணினார். நாட்டின் வெவ்வேறு பகுதிகளில் அது எவ்வாறு வேறுபடுகிறது என ஆராய்ந்தார். கரும்பைச் சோளத்துடனும் மக்காச்சோளத்துடனும் தருப்பையினப் புல்லுடனும் கலந்து, பேரினங்களுக்கு இடையிலான கலப்பினங்களை உருவாக்கினார். இத்தனை பணிக்குப் பின்னும் அந்நிலையம் அவருக்கு இணக்கமான இடமாக இல்லை. மணமாகாத பெண், தாழ்ந்ததாகக் கருதப்பட்ட சாதியினர் என்பதால் ஆண் சகாக்களிடையே அவர் எதிர்கொண்ட இடர்களை அவருடைய வாழ்வை எழுதியோர் பதிந்துள்ளனர். 1939இல் அவர் இங்கிலாந்து சென்றார்; போர் மூண்டதால் அங்கேயே தங்கிவிட்டார்.

அங்கு ஜான் இன்னஸ் நிறுவனத்தில் பணியாற்றி, சி.டி. டார்லிங்டனுடன் இணைந்து பயிர்த் தாவரங்களின் குரோமோசோம் அட்டவணையை 1945இல் வெளியிட்டார். அதன்பின் விஸ்லியில் உள்ள அரச தோட்டக்கலைக் கழகத்தில் மக்னோலியா மரங்களை ஆராய்ந்தார். நம் செங்காந்தளிலும் உள்ள கால்ச்சிசின் என்னும் நஞ்சை நாற்றின் வளர்நுனியில் இட்டால், செல் பிரியும்போது குரோமோசோம்கள் பிரியாமல் நின்று இரட்டிப்பாகும். செல் பெரிதாகும்; இலை தடிக்கும், அகலும். குரோமோசோம்கள் இணைசேராமல் மலடாகும் தொலைதூரக் கலப்பினங்கள், இந்த இரட்டிப்பால் மீண்டும் விதை தரவும் கூடும். மல்பெரியிலும் இதே விதிதான்: மும்மடி, நான்மடி மரங்களின் இலை தடித்தது. அளவு மீறித் தடித்த இலையை இளம்புழு விரும்பாது என்பதைத் தேனியில் புழு வளர்ப்போர் அறிவர். ஜானகி உருவாக்கிய மக்னோலியாக்களில் ஒன்று அவர் பெயரையே தாங்கி நிற்கிறது.

1951இல் நேருவின் அழைப்பை ஏற்று நாடு திரும்பி, இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தைச் சீரமைக்கும் பொறுப்பை ஏற்றார். 1955இல் பிரின்ஸ்டனில் மனிதர் புவியை மாற்றிய விதம் குறித்து நடந்த உலக மாநாட்டில் பங்கேற்ற ஒரே பெண் அவர். இந்தியாவின் பிழைப்பு வேளாண்மையைப் பற்றிக் கட்டுரை அளித்தார். பழங்குடியினரின் தாவர அறிவை மதித்துத் தொகுத்தார். 1977இல் பத்மஸ்ரீ விருது வந்தது. எண்பது வயதை நெருங்கியும் கடந்தும், அமைதிப் பள்ளத்தாக்கை மூழ்கடிக்கவிருந்த நீர்மின் திட்டத்தை எதிர்த்தார். 1984 பிப்ரவரி 7 அன்று, மதுரவாயலில் இருந்த சென்னைப் பல்கலைக்கழகக் கள ஆய்வகத்தில் பணியில் இருந்தபோதே மறைந்தார். அதே ஆண்டு நவம்பரில் அமைதிப் பள்ளத்தாக்கு தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது.

நாணலையும் மேன்மைக் கரும்பையும் சாதிகளுக்கு உவமையாக்கும் ஆசை எழுவது இயல்பு. அதற்கு இடமளிக்கக் கூடாது. அண்ணல் அம்பேத்கர், ஜானகி கோவையில் இருந்த அதே 1936இல், இரத்தத் தூய்மையைக் காட்டிச் சாதியை நியாயப்படுத்தும் வாதத்தைத் தகர்த்தார். சாதிகள் வேறு வேறு உயிரினங்கள் அல்ல. அவற்றுக்கிடையே மரபியல் வேலி எதுவும் இல்லை. நாணல் நமக்குக் கற்பிப்பது வேறொன்று: ஒரு சமூகம் எதைக் களையென்று பெயரிடுகிறதோ, அதன் பங்களிப்பைப் பயன்படுத்திக்கொண்டே கணக்கிலிருந்து நீக்கிவிடும்.

சட்டத்திலும் இந்த நீக்கம் நிகழ்கிறது. 2001ஆம் ஆண்டின் பயிர் வகைகள் பாதுகாப்பு மற்றும் விவசாயிகள் உரிமைச் சட்டம், தானே நிலத்தைப் பயிரிடுபவரையும், பிறரைக் கொண்டு மேற்பார்வையிட்டுப் பயிர்செய்பவரையும் விவசாயி என்கிறது. வரப்பில் நிற்பவருக்கு ஐயமற்ற இடமுண்டு. அவருக்காக வெட்டுகிற கூலித் தொழிலாளி வெளிப்படையாகப் பெயர் சொல்லப்படவில்லை. ஆனால் அதே வரையறையின் மூன்றாம் கூறு, காட்டு இனங்களையும் மரபு வகைகளையும் பேணுவோரையும் விவசாயியாக ஏற்கிறது. ஒரு பயிர் வகையின் உருவாக்கத்தில் ஊர்ச் சமூகத்திற்குப் பங்கிருந்தால் அதற்கு உரிமை கோர 41ஆம் பிரிவு வழி திறக்கிறது. மேகமலை அடிவாரப் பளியர் குடிகளும், பள்ளத்தாக்கின் நிலமற்ற தலித் குடும்பங்களும் நுழையக்கூடிய கதவு இதுவே.

அக்கதவைத் திறக்க ஆவணம் வேண்டும். 2002ஆம் ஆண்டின் உயிரியல் பன்மயச் சட்டத்தின் கீழ் ஒவ்வோர் உள்ளாட்சியிலும் மக்கள் பன்மயப் பதிவேடு இருக்க வேண்டும். நம் ஊரின் பதிவேட்டைக் கேட்டு வாங்குவோம். எந்த இலை எந்த நோயைத் தாங்கும் என்று அறிந்த சேரி மூதாட்டியின் அறிவு அதில் அவர் பெயரோடும் அவர் ஒப்புதலோடும் ஏறியிருக்கிறதா என்று பார்ப்போம். தாவரவியல் பயிலும் மாணவர்களும் சட்டம் பயிலும் மாணவர்களும் சேர்ந்து செய்யக்கூடிய பணி இது. ஜானகி அம்மாள் நாணலின் குரோமோசோம்களை ஒவ்வொன்றாக எண்ணிய பொறுமை இதற்கும் வேண்டும்.