ஹண்டரின் இதயம்

1793 அக்டோபர் 16. லண்டன் செயின்ட் ஜார்ஜ் மருத்துவமனையின் நிர்வாகக் குழு கூடியிருந்தது. அறுவை சிகிச்சை பயில வருவோர் முன்பயிற்சிச் சான்று அளிக்க வேண்டும் என்பது அங்கு வகுக்கப்பட்டிருந்த புதிய விதி. அதை அறியாமல் வந்துவிட்ட இரு ஸ்காட்லாந்து இளைஞர்களுக்காக வாதாடினார் 65 வயது அறுவை மருத்துவர் ஜான் ஹண்டர். சக மருத்துவர் ஒருவர் அவரது கூற்றை மறுத்தார். ஹண்டர் பேச்சை நிறுத்தினார். பொங்கிய சினத்தை அடக்கிக்கொண்டு அடுத்த அறைக்குச் சென்றவர், அங்கிருந்த மருத்துவர் ஒருவரின் கைகளில் சாய்ந்து உயிர்நீத்தார்.

கோபம் மாரடைப்புக்குக் காரணமாகும் என்பதற்கு மருத்துவ உலகம் இன்றளவும் சுட்டிக்காட்டும் மரணம் இது. ஆனால், புள்ளிவிவரங்களோடு வாழ்ந்து ஓய்வுபெற்ற பொருளியல் ஆசிரியனான எனக்கு, ஒரே காரணத்தோடு முடிந்துவிடும் விளக்கங்களில் எப்போதும் ஐயம் உண்டு.

ஸ்காட்லாந்தில் கிழக்கு கில்பிரைடு அருகேயுள்ள சிற்றூரில் 1728-இல் பத்துக் குழந்தைகளில் கடைக்குட்டியாகப் பிறந்தவர் ஹண்டர். ஏட்டுக் கல்வியில் நாட்டம் இல்லாதவர். 1748-இல் லண்டன் சென்று, தன் அண்ணன் வில்லியம் நடத்திவந்த உடற்கூற்றியல் பள்ளியில் உதவியாளராகச் சேர்ந்தார். ராணுவ மருத்துவராகப் போர்க்களம் கண்டார். 1767-இல் ராயல் சொசைட்டியின் உறுப்பினரானார். 1776-இல் மன்னர் மூன்றாம் ஜார்ஜின் அறுவை மருத்துவர்களுள் ஒருவரானார். பழைய நூல்களின் முடிவுகளை அப்படியே ஏற்காமல், சோதித்துப் பார்த்தே எதையும் நம்ப வேண்டும் என்று மாணவர்களுக்குக் கற்பித்தார். பிற்காலத்தில் பெரியம்மைக்குத் தடுப்பூசி கண்ட எட்வர்ட் ஜென்னர் அந்த மாணவர்களுள் ஒருவர்.

அவரிடம் திறமைக்கு இணையாகச் சினமும் இருந்தது. கருவுற்ற தாயின் நஞ்சுக்கொடி குறித்த கண்டுபிடிப்பு யாருடையது என்ற வழக்கில், 1780-இல் தன்னை வளர்த்துவிட்ட அண்ணனோடே பகைத்துக்கொண்டார்.

1773-இல் அவருக்கு முதன்முதலாகக் கடும் வலி வந்தது. நாடித் துடிப்பே தட்டுப்படவில்லை. நண்பர் ஒருவருக்குப் பிணை நின்று பெருந்தொகை கட்ட நேர்ந்த 1776-இல் மீண்டும் நோயுற்றார். 1785-க்குப் பிறகு வலி அடிக்கடி வந்தது. தன்னைச் சீண்ட நினைக்கும் எவர் கையிலும் தன் உயிர் இருப்பதாக அவரே சொல்லிவந்தார். பிரேதப் பரிசோதனையில் இதயத்துக்குக் குருதி கொண்டுசெல்லும் தமனிகள் எலும்பைப்போல் இறுகியிருந்தது தெரியவந்தது. ஆக, இருபது ஆண்டுகளாக வளர்ந்துவந்த நோய்க்குக் கடைசி நாளின் கோபம் ஒரு தீக்குச்சியாக அமைந்தது.

இன்றைய ஆய்வுகளும் இதையே சொல்கின்றன. பல ஆய்வுகளைத் தொகுத்து 2009-இல் வெளியான பகுப்பாய்வு ஒன்று, கோபமும் பகைமையும் மிகுந்தவர்களுக்கு இதயத் தமனி நோய் வரும் வாய்ப்பு சுமார் 19 சதவீதம் அதிகம் என்றது. புகைபிடித்தல் போன்ற பழக்கங்களைக் கணக்கில் கொண்டால் இந்த வேறுபாடு குறைந்துவிடுகிறது. சினம் உடலை நேரடியாகத் தாக்குவதோடு, தீய பழக்கங்கள் வழியாகவும் தாக்குகிறது என்று இதற்குப் பொருள்கொள்ளலாம். கோபம் வெடித்த இரண்டு மணி நேரத்துக்குள் மாரடைப்பு வரும் வாய்ப்பு ஏறத்தாழ ஐந்து மடங்காகிறது என்றது 2014-இல் வெளியான மற்றொரு பகுப்பாய்வு. ஐந்து மடங்கு என்றதும் அஞ்ச வேண்டியதில்லை. எதன் ஐந்து மடங்கு என்று கேட்க வேண்டும். இதய நோய்க்கான வாய்ப்பு குறைந்த 10,000 பேர் மாதம் ஒருமுறை கோபப்பட்டால், ஓராண்டில் கூடுதலாகப் பாதிக்கப்படுபவர் ஒருவர். அவர்களே நாளுக்கு ஐந்து முறை வெகுண்டால் கூடுதலாகப் பாதிக்கப்படுவோர் 158 பேர். எப்போதாவது வரும் கோபத்தைவிட, குணமாகிப்போன கோபமே ஆபத்தானது.

ஹண்டரின் கதையில் என்னை உறுத்துவது வேறொன்று. மார்வலியால் இறந்தவர்களின் உடலைப் பரிசோதித்த ஜென்னர், இதயத் தமனிகள் இறுகுவதே அந்நோயின் காரணம் என்று ஹண்டர் உயிரோடு இருந்தபோதே ஊகித்துவிட்டார். தன் ஆசிரியருக்கும் அதே நோய்தான் என்பதும் அவருக்குப் புரிந்தது. ஆனால், மருந்தில்லாத நோயைச் சொல்லி ஆசிரியரைக் கலங்கடிக்க மனமில்லாமல் அதை வெளியிடாமலே இருந்தார். எதையும் சோதித்து அறியச் சொன்ன ஆசிரியருக்கு, தன் இதயத்தைப் பற்றிய உண்மை மட்டும் வந்து சேரவில்லை.

ஜென்னரை மௌனமாக்கியது அன்பு. என் மாணவரை மௌனமாக்கியது அச்சம். நான் பணி ஓய்வுபெற்ற நாளன்று, முன்னாள் ஆய்வு மாணவர் ஒருவர் தயங்கித் தயங்கி ஒன்றைச் சொன்னார். என் கட்டுரை ஒன்றின் அட்டவணையில் பிழை இருந்ததை, அது அச்சேறுவதற்கு முன்பே அவர் கண்டிருக்கிறார். ஏன் அப்போதே சொல்லவில்லை என்று கேட்டேன். நான் கோபப்படுவேன் என்று அஞ்சியதாகச் சொன்னார். அந்தப் பிழை இன்றும் என் பெயரில்தான் நிற்கிறது.

என் இதயத் தமனிகளை மருத்துவர் சோதித்துச் சொல்லிவிடுவார். என் கோபத்துக்கு அஞ்சி என்னிடம் சொல்லாமல் விடப்பட்டவை எத்தனை என்பதைச் சொல்ல எந்தக் கருவியும் இல்லை. இப்போதெல்லாம் வீட்டில் யாரேனும் ஏதோ சொல்ல வந்து தயங்கினால், கையிலிருக்கும் நாளிதழை மடித்து வைத்துவிட்டுக் காத்திருக்கிறேன்.