பூவிருந்தவல்லி தந்த மகான்

சென்னைக்கு மேற்கே உள்ள ஊர்களைப் பற்றி நமது தேசிய ஊழியர்களைக் கேட்டால் முதலில் ஆவடியைச் சொல்வார்கள். 1955-ஆம் ஆண்டு ஜனவரியில் காங்கிரஸ் மகாசபை அங்கே கூடி, சோஷலிச மாதிரிச் சமுதாயமே இத்தேசத்தின் இலட்சியம் என்று தீர்மானித்தது யாவரும் அறிந்த செய்தி. அம்பத்தூரைக் கேட்டால் தொழிற்பேட்டையைச் சொல்வார்கள். பூவிருந்தவல்லியைக் கேட்டாலோ, பெங்களூர் செல்லும் நெடுஞ்சாலையில் பஸ் நிற்கும் ஊர் என்பதற்குமேல் பலருக்குச் சொல்ல ஒன்றும் இராது. பெயரும் பூந்தமல்லி என்று சுருங்கிவிட்டது. அவ்வூரில் பூந்தோட்டம் வளர்த்த ஒரு மகானின் பெயரும் கோவில் மதிலுக்குள் சுருங்கிவிட்டது. அவர்தாம் திருக்கச்சி நம்பிகள். சமத்துவம் என்ற சொல்லை மேடைகளில் வழங்குகிற நாம், அதற்கு ஏறத்தாழத் தொள்ளாயிரம் ஆண்டுகளுக்கு முன் அதே சீமையில் வாழ்ந்து காட்டிய ஒருவரை அறியாதிருப்பது முறையாகாது. ஆகவே அவரது சரித்திரத்தை இன்று சுருக்கமாக எடுத்துரைக்க விரும்புகிறோம்.

நம்பிகள் பிறந்தது கி.பி. 1009-ஆம் ஆண்டு, மாசித் திங்கள் மிருகசீரிட நட்சத்திரத்தில் என்பது வைஷ்ணவ குருபரம்பரை வழக்கு. தந்தையார் வீரராகவச் செட்டியார், தாயார் கமலையார். வைசிய குலத்தினர். பிள்ளைக்கு இட்ட பெயர் கஜேந்திரதாசர். தந்தையார் தம் புதல்வர்களுக்குப் பொருளைப் பங்கிட்டுக் கொடுத்து, அதை வாணிபத்தில் பெருக்கும்படி பணித்தார் என்றும், மற்றவர்கள் முதலைப் பெருக்கிக் காட்ட, இவர் மாத்திரம் தம் பங்கு முழுவதையும் அடியார்களுக்கு அன்னமிட்டே தீர்த்துவிட்டார் என்றும் சொல்வார்கள். செட்டியார் வீட்டுக் கணக்கில் அது நஷ்டம். நாட்டின் கணக்கில் அதைவிடப் பெரிய லாபம் வேறில்லை என்பது பின்னால் விளங்கிற்று.

பிறந்த ஊரின் சூழ்நிலையும் கவனிக்கத்தக்கது. பூவிருந்தவல்லிக்கு அருகிலேயே உள்ளது திருமழிசை. மூங்கில் கொய்து பிழைத்த எளிய தம்பதிகளால் வளர்க்கப்பெற்று ஆழ்வார்களுள் ஒருவராக உயர்ந்த திருமழிசைப் பிரானின் ஊர் அது. பக்திக்குப் பிறப்பு ஒரு தடையாகாது என்ற பாடம் அந்த மண்ணில் நம்பிகளுக்கு முன்னரே விதைக்கப்பட்டிருந்தது. விதைத்ததை முளைக்கச் செய்தவர் நம்பிகள்.

வாலிபத்தில் அவர் ஏற்றுக்கொண்ட தொழில் மாலைத் தொண்டு. பூவிருந்தவல்லியில் நந்தவனம் வைத்து, தம் கையால் நீர் இறைத்து, மலர் கொய்து, மாலை தொடுத்து, காஞ்சிபுரத்துப் பேரருளாளனுக்குச் சமர்ப்பித்து வந்தார். பூவிருந்தவல்லிக்கும் காஞ்சிக்கும் இடையே சுமார் 30 மைல் இருக்கும். இன்று நாம் வண்டியிலேறி அலுத்துக்கொள்ளும் அந்த வழியை அவர் பூக்குடலையுடன் கால்நடையாகவே கடந்தார். இடையில் உள்ளது ஸ்ரீபெரும்புதூர். அங்கே 1017-ஆம் ஆண்டு பிறந்த இளையாழ்வார் என்னும் பிராமணப் பிள்ளை, மாலையும் கையுமாகத் தம் வீதி வழியே செல்லும் இந்தப் பெரியவரைப் பார்த்துப் பார்த்தே பக்தி பூண்டார் என்பது வழக்கு. அந்தப் பிள்ளையே பின்னர் உலகம் போற்றும் இராமாநுஜர்.

மாலைத் தொண்டுடன் ஆலவட்டத் தொண்டும் சேர்ந்தது. இறைவனுக்கு விசிறி வீச விரும்பி நம்பிகள் முதலில் திருவரங்கம் சென்றாராம். காவிரி நடுவே பள்ளிகொண்டிருக்கும் தமக்கு விசிறி வேண்டாம் என்று அரங்கன் அருளினான். திருமலைக்குச் சென்றார். குளிர்ந்த மலையில் நிற்கும் தமக்கும் அது தேவையில்லை என்று வேங்கடவன் அருளினான். வேள்வித் தீயில் தோன்றிய காஞ்சி வரதனோ அந்த வெப்பம் ஆற விசிறியை ஏற்றுக்கொண்டான். விசிறி வீசும்போது வரதன் அவருடன் நேரில் உரையாடுவது வழக்கம் என்று சரித்திரக்காரர் கூறுகிறார்கள். இதைப் பக்தர்கள் அப்படியே நம்புவார்கள். ஏனையோர் கதை என்பார்கள். நாம் கவனிக்க வேண்டியது வேறொன்று. வேதம் ஓதும் குலத்தில் பிறவாத ஒருவர் மாத்திரமே இறைவனுடன் பேசும் உரிமை பெற்றவர் என்று வைதிகப் பெரியோர்களே தங்கள் நூல்களில் எழுதி வைத்து, அதைத் தலைமுறை தலைமுறையாகப் போற்றியும் வருகிறார்கள். இது அற்ப விஷயமன்று.

திருவரங்கத்தில் வைஷ்ணவ சமூகத்தின் தலைவராயிருந்த ஆளவந்தாரே நம்பிகளின் ஆசாரியர். அவர் காஞ்சிக்கு வந்தபோது, கூட்டத்தில் இராமாநுஜரைச் சுட்டிக் காட்டியவர் நம்பிகளே. வடமொழியிலும் அவர் வல்லவர். வரதன்மீது தேவராஜாஷ்டகம் என்னும் எட்டுச் சுலோகங்களை இயற்றியிருக்கிறார். கல்வி ஒரு குலத்தின் தனிச்சொத்து என்று கருதப்பட்ட காலத்தில் ஒரு வணிகர் மகன் இயற்றிய தோத்திரம் இன்றளவும் வைஷ்ணவர்களால் ஓதப்படுகிறது.

இராமாநுஜர் காஞ்சியில் யாதவப்பிரகாசரிடம் வேதாந்தம் கற்றார். பாடத்தில் அபிப்பிராய பேதம் முற்றி, குருவே சிஷ்யனின் உயிருக்கு உலை வைக்கும் நிலை வந்தது. விந்தியக் காட்டில் தப்பி, வேடுவத் தம்பதிகளின் துணையால் காஞ்சி வந்து சேர்ந்த இராமாநுஜர், அடுத்து என் செய்வது என்று நம்பிகளிடம் சென்று கேட்டார். நம்பிகள் சாத்திரப் பிரசங்கம் செய்யவில்லை. சாலைக் கிணற்றிலிருந்து நாள்தோறும் ஒரு குடம் தீர்த்தம் சுமந்து வந்து வரதனுக்குச் சமர்ப்பிக்கும்படி மட்டும் சொன்னார். மகாபண்டிதராகப் போகிற இளைஞரின் தோளில் அவர் முதலில் வைத்தது குடந்தான். தலைமைக்கு வருகிறவன் முதலில் சுமை தூக்கிப் பழக வேண்டும் என்பதை நமது காலத்துத் தலைவர்களும் இதனால் அறியலாம்.

இராமாநுஜருக்கு நம்பிகளையே குருவாகக் கொள்ள வேண்டும் என்ற ஆவல் மேலிட்டது. அடிபணிந்து வேண்டினார். நம்பிகள் மறுத்துவிட்டார். குலமுறைக்கு அது ஒவ்வாது என்பது அவர் கூறிய காரணம். இராமாநுஜர் விடவில்லை. அவர் உண்ட மிச்சத்தையேனும் உண்டு சீடனாகிவிடலாம் என்று எண்ணி, தம் வீட்டில் அமுது செய்ய அழைத்தார். நம்பிகள் இசைந்தார். மனைவி தஞ்சமாம்பாள் சமைத்து வைத்தாள். நேரமாயிற்றென்று இராமாநுஜர் நம்பிகளை அழைத்துவர ஒரு வீதியாகச் சென்றார். நம்பிகளோ வேறு வீதியாக வீட்டுக்கு வந்துவிட்டார். கோவில் தொண்டுக்கு விரைய வேண்டும் என்று கூறி, உடனே உண்டு போய்விட்டார். தஞ்சமாம்பாள் மிச்சத்தை அகற்றி, இலையை எறிந்து, இடத்தைச் சாணமிட்டு மெழுகி, நீராடி, கணவருக்காகப் புதிதாக உலை வைத்தாள். திரும்பி வந்த இராமாநுஜர் ஈரத் தலையையும் மெழுகிய தரையையும் கண்டு நடந்ததை உணர்ந்து உள்ளம் நொந்தார்.

இந்தக் கட்டத்தைப் படிக்கும்போது அந்த அம்மையாரை மட்டும் குறை கூறுவது எளிது. பலர் அப்படியே செய்கிறார்கள். நாம் அதற்கு உடன்படோம். பிறந்த வீட்டிலும் புகுந்த வீட்டிலும் தெருவிலும் எது ஆசாரம் என்று போதிக்கப்பட்டதோ அதையே அவள் செய்தாள். சாத்திரம் கற்றுத் தெளியும் வாய்ப்பு கணவருக்கு இருந்தது, அவளுக்கு இல்லை. குற்றம் அவளுக்குக் கற்பித்த சமூகத்தினுடையது. பெரிய நம்பியின் மனைவியுடன் கிணற்றடியில் மூண்ட சச்சரவுக்கும் இதே உயர்வு தாழ்வுப் பித்தே காரணம். வெளியுலகைத் திருத்தப் புறப்படும் ஊழியர்கள், வீட்டிலுள்ள பெண்மக்களுக்கு அறிவு புகட்டாமல் விட்டால் என்ன நேரும் என்பதற்கு இது பழைய உதாரணம்.

நம்பிகள் ஏன் மறுத்தார் என்ற கேள்வியையும் நாம் மழுப்ப விரும்பவில்லை. அவர் வருணாசிரமக் கட்டுக்குப் பணிந்துவிட்டார் என்று சீர்திருத்தக்காரர் சிலர் சொல்லக்கூடும். வைதிகர்களோ, நம்பிகளே குலமுறையை ஒப்புக்கொண்டாரே என்று அதைத் தமக்குச் சாதகமாக்கிக்கொள்ளக்கூடும். இருவர் கூற்றும் முழு உண்மையன்று என்பதே நமது அபிப்பிராயம். கட்டு அவரையும் கட்டியிருந்தது என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் குருபீடத்தை மறுத்த அவர், குருவின் கடமையை மறுக்கவில்லை. தமக்கு ஒரு சீடரைச் சேர்த்துக்கொள்வதைவிட, அந்த இளைஞர் நாட்டுக்கெல்லாம் ஆசாரியராவதே முக்கியம் என்று அவர் கருதியிருக்க வேண்டும் என்று நமக்குத் தோன்றுகிறது. பதவியை வேண்டாமென்று பணியை ஏற்றுக்கொள்கிறவர்கள் எக்காலத்திலும் சிலரே.

அந்தப் பணி எத்தகையது என்பது அடுத்த நிகழ்ச்சியில் விளங்கும். இராமாநுஜரின் மனத்தில் சில ஐயங்கள் இருந்தன. அவை இன்னவென்று வெளியிடாமலே, வரதனிடம் விடை கேட்டு வரும்படி நம்பிகளை வேண்டினார். நம்பிகள் விசிறி வீசுகையில் கேட்டு, ஆறு வார்த்தைகளைக் கொண்டுவந்தார். பரம்பொருள் திருமாலே என்பது முதலாவது; உயிரும் இறைவனும் வேறு என்பது இரண்டாவது; சரணாகதியே உபாயம் என்பது மூன்றாவது; சரண் புகுந்தவனுக்கு அந்திமக் காலத்து நினைவு கட்டாயமில்லை என்பது நான்காவது; உடல் விழும்போது வீடு கிட்டும் என்பது ஐந்தாவது; பெரிய நம்பியைக் குருவாகப் பற்றுக என்பது ஆறாவது. பின்னாளில் இராமாநுஜர் எழுதிய ஸ்ரீபாஷ்யம் முதலிய பெருநூல்களுக்கு இந்த ஆறு வார்த்தைகளே அடிப்படை என்று வைஷ்ணவர் கொண்டாடுகின்றனர். ஆக, அந்தணர் மரபின் பெரும் தத்துவம் ஒன்று பூமாலை கட்டிய செட்டியார் ஒருவரின் வாய்வழியே வந்ததாக அம்மரபே ஒப்புக்கொள்கிறது. வீட்டில் இலையை எறிந்தார்கள். அவர் வார்த்தையை எறிய ஒருவராலும் முடியவில்லை.

அந்த ஆறாவது வார்த்தைப்படி இராமாநுஜர் புறப்பட, மதுராந்தகத்தில் பெரிய நம்பி எதிர்ப்பட்டு, ஏரிகாத்த ராமர் கோவிலில் அவருக்கு உபதேசம் செய்தார். இந்தப் பெரிய நம்பியே பிற்காலத்தில், தாழ்ந்த குலத்தினரென ஒதுக்கப்பட்ட மாறனேர் நம்பிக்குத் தம் கையால் ஈமக்கடன் செய்து ஊராரின் பகிஷ்காரத்தை ஏற்றவர். இராமாநுஜரும் மேல்கோட்டையில் தீண்டாதவர் எனப்பட்டோருக்குத் திருக்குலத்தார் என்று பெயரிட்டுக் கோவிலில் உரிமை வழங்கினார். தஞ்சமாம்பாள் மெழுகிய தரையில் பிறந்த வேதனை இராமாநுஜரை விட்டு நீங்கவேயில்லை என்று நாம் கருதினால் அது பிழையாகாது.

நம்பிகள் காலத்திலேயே, அவருக்கு ஏறத்தாழ ஓராண்டு மூத்தவராக, ஐரோப்பாவில் ஒரு மகான் வாழ்ந்தார் என்பது வியப்பூட்டும் பொருத்தம். 1062-ஆம் ஆண்டு முதல் 1095-ஆம் ஆண்டு வரை இங்கிலாந்தில் ஊஸ்டர் நகரத்துக் கத்தோலிக்க மேற்றிராணியாராயிருந்த வுல்ஸ்டன் என்பவரே அவர். 1066-இல் நார்மன் அந்நியர் அந்நாட்டை வென்று சுதேசிகளைப் பதவிகளிலிருந்து இறக்கிய காலத்தில், தம் இடத்தில் நிலைத்து நின்ற சுதேச மேற்றிராணியார் அவர். ஏழைகளின் கால்களைத் தாமே கழுவுவார். பிரிஸ்டல் துறைமுகத்திலிருந்து ஆண்களையும் பெண்களையும் அடிமைகளாக அயர்லாந்துக்கு விற்று வந்த கொடுமையை, அவ்வூருக்கு மீண்டும் மீண்டும் சென்று தங்கி, மக்களிடம் பேசிப் பேசியே நிறுத்தினார். கத்தோலிக்கத் திருச்சபை 1203-ஆம் ஆண்டு அவரைப் புனிதராக அறிவித்தது. ஒருவர் கையில் செங்கோல், மற்றவர் கையில் விசிறி. மனிதனை மனிதன் இழிவு செய்வதை ஒருவர் வாய்ச்சொல்லால் எதிர்த்தார்; மற்றவர் வாழ்ந்த முறையே அந்த இழிவைப் பொய்யாக்கிற்று.

நிற்க. முதுமையில் நம்பிகளுக்குக் காஞ்சி வரை நடக்க இயலவில்லை. அப்போது வரதன் தானே பூவிருந்தவல்லிக்கு வந்து காட்சி தந்தான் என்பது தலபுராணம். அவ்வூர் வரதராஜப் பெருமாள் கோவிலில் புஷ்பவல்லித் தாயாரும், அரங்கனும், வேங்கடவனும் எழுந்தருளியிருக்கின்றனர். நம்பிகளுக்கும் தனிச் சந்நிதி உண்டு. விசிறி வேண்டாம் என்று முன்னர் அனுப்பிவிட்ட இருவரும் இறுதியில் அவர் ஊர் தேடி வந்துவிட்டார்கள். உழைத்தவனைத் தேடி உயர்ந்தவன் வருவதே நியாயம் என்று அக்கோவிலைக் கட்டிய மக்கள் எண்ணினார்கள் போலும்.

1939-ஆம் ஆண்டு ஜூலை 8-ஆம் தேதி மதுரை மீனாட்சி கோவிலுக்குள் ஸ்ரீ வைத்தியநாதய்யர் தலைமையில் ஹரிஜனங்கள் பிரவேசித்தார்கள். அதே ஆண்டில் ஆலயப் பிரவேசச் சட்டம் வந்தது. 1950-ஆம் ஆண்டில் அமுலுக்கு வந்த அரசியல் சாசனத்தின் 17-ஆவது ஷரத்து தீண்டாமையை ஒழித்தது. கோவில் கதவைச் சட்டம் திறந்துவிட்டது. ஆனால் தஞ்சமாம்பாள் எறிந்த இலை கோவிலில் எறியப்பட்டதன்று, வீட்டில் எறியப்பட்டது. அடுக்களைக்குள் சட்டம் நுழையாது. நாம்தாம் நுழைய வேண்டும். தேநீர்க் கடையில் தனிக் குவளையும், மயானத்துக்குத் தனி வழியும், மணமேடையில் குலக் கணக்கும் நம் நாட்டில் இன்னும் அற்றுப்போகவில்லை என்பதை நினைக்க நாம் வெட்கமடைகிறோம்.

பெங்களூர்ச் சாலை வழியே கூட்டங்களுக்குச் செல்லும் தேசிய ஊழியர்கள் பூவிருந்தவல்லியில் ஒரு நாழிகை இறங்கி அந்தச் சந்நிதியைக் கண்டு செல்ல வேண்டுகிறோம். தரிசனத்தோடு நின்றுவிடலாகாது. ஊர் திரும்பியதும், இதுவரை நம் வீட்டுப் பந்தியில் அமர்ந்திராத ஒருவரை அழைத்து, நம் மனைவி மக்களுடன் ஒரே வரிசையில் இலை போட்டு உண்ண வேண்டும். இராமாநுஜர் விரும்பியும் அன்று கைகூடாமற்போன விருந்து அது. தொள்ளாயிரம் ஆண்டுகள் தாமதமானாலும் அதை நடத்தி முடிப்பதே நம்பிகளுக்கு நாம் செலுத்தும் வணக்கமாகும்.